பகலில் கோடிங், சாயங்காலம் தமிழ், ராத்திரி கேம்: ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு அனுபவம்

மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கப் போவதாக யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, “ஒரு நாளில் உங்கள் விரல்கள் என்னென்ன வேலை பார்க்கின்றன?” என்பதுதான். என் விரல்களுக்கு மூன்று வேலை. பகலில் கோடிங். சாயங்காலம் தமிழ்99 விசைப்பலகை முறையில் கட்டுரை. ராத்திரி அத்தை மகனோடு கவுன்டர்-ஸ்ட்ரைக். இந்த மூன்றையும் ஒரே கீபோர்டில் செய்துவருகிறேன். கடையில் பார்க்கும்போது ஒரு கீபோர்டு எப்படி இருக்கிறது என்பது அவ்வளவு முக்கியமில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அதில் எதையெல்லாம் மாற்றலாம் என்பதைப் பார்த்து வாங்குங்கள். மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் அடியில் தனியாக ஒரு ஸ்விட்ச் இருக்கும். சாலிடரிங் இல்லாமல் அதைப் பிடுங்கி மாற்ற முடியவேண்டும், இதை ஹாட்-ஸ்வாப் என்பார்கள். எந்தக் கீ என்ன செய்யவேண்டும் என்பதை நாமே தீர்மானிக்க முடியவேண்டும். இந்த இரண்டும் இருந்தால் மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் அளவு. முழு அளவு என்றால் 104 கீ. வலதுபக்க எண் பகுதியை எடுத்துவிட்டால் 87 கீ, அதை டிகேஎல் என்பார்கள். அதற்கும் கீழே 75%, 65%, 60% என்று சுருங்கிக்கொண்டே போகும். கேம் ஆடுகிறவர்களுக்குச் சின்னது பிடிக்கும், மவுஸை வீச இடம் கிடைக்கும். ஆங்கிலம் மட்டும் டைப் செய்கிறவர் 60% வாங்கிச் சமாளித்துவிடலாம். தமிழ்99-ல் எழுதுகிறவர் வாங்குவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்கவேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். தமிழ்99 என்பது 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. வலது கையில் ஒரு மெய், இடது கையில் ஓர் உயிர் என்று கைகள் மாறி மாறி நடக்கும், அந்த ஓட்டம் பழகிவிட்டால் விடமுடியாது. ஆனால் நிறுத்தற்குறிகள் இருக்கும் கீகளிலும் தமிழ்99-ல் எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. அரைப்புள்ளிக் கீயில் ந, அதற்குப் பக்கத்து மேற்கோள் கீயில் ய, இரண்டு சதுர அடைப்புக்குறிக் கீகளில் ச, ஞ, சாய்வுக்கோட்டுக் கீயில் ழ. சில 60% போர்டுகளில் மேல்நோக்கும் ஏரோவும் சாய்வுக்கோடும் ஒரே கீயைப் பங்குபோட்டுக்கொள்ளும். ஏரோ நிலையில் இருக்கும்போது அங்கே ழ வராது. 40% என்று வருவதில் அடைப்புக்குறிக் கீகளே கிடையாது, ச எழுதவே இன்னொரு கீயைப் பிடித்துக்கொண்டு அழுத்தவேண்டும். அதனால் தமிழில் நிறைய எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது 75% அல்லது 65%. ஏரோ தனியாக இருக்கும், எழுத்துக் கீகள் எல்லாம் முழுசாக இருக்கும், மவுஸுக்கும் இடம் கிடைக்கும். நான் வைத்திருப்பது 75%. மேல்வரிசை எஃப் கீகள் கோடிங்கில் பிழை தேடும்போது வேண்டியிருக்கின்றன.

“தமிழ் கீபோர்டு என்று தனியாகக் கிடைக்குமா?” என்று பலர் கேட்கிறார்கள். தேவையே இல்லை. கீபோர்டு அனுப்புவது இன்ன இடத்துக் கீ அழுத்தப்பட்டது என்ற எண்ணை மட்டும்தான். அதை க ஆக்குவதும் எச் ஆக்குவதும் கணினியின் வேலை. விண்டோஸ், மேக் இரண்டிலும் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. லினக்ஸில் ஐபஸ் என்ற மென்பொருள் வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். கீயின் மேல் எழுத்து வேண்டுமென்றால் ஸ்டிக்கர் போதும். பழகும்வரைதான் அதுவும்.

அடுத்து ஸ்விட்ச். எல்லோரும் நிறைய பேசும் இடம் இதுதான், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று வகை. தடங்கலே இல்லாமல் நேராக இறங்குவது லீனியர். நடுவில் ஒரு சின்ன முட்டு தருவது டேக்டைல். முட்டோடு ‘க்ளிக்’ என்று சத்தமும் போடுவது க்ளிக்கி. ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் வைத்த நிறங்களே இன்றும் பேச்சு வழக்கில் நிற்கின்றன: சிவப்பு லீனியர், பழுப்பு டேக்டைல், நீலம் க்ளிக்கி. சிவப்பை அழுத்த ஏறக்குறைய 45 கிராம் எடை போதும், பழுப்புக்கு 55, நீலத்துக்கு 60. மூன்றுமே மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், பாதி தூரம் வரும்போதே எழுத்து விழுந்துவிடும். செர்ரியின் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு கேட்டரான், கைல், அவுட்டெமு என்று பல நிறுவனங்கள் அதே அமைப்பில் செய்ய ஆரம்பித்தன. இப்போது அந்த நிறுவனங்களின் ஸ்விட்ச்சுகள் பல, செர்ரியைவிட வழுவழுப்பாக இருக்கின்றன, விலையும் குறைவு.

நீலம் வேண்டாம் என்பது என் திடமான கருத்து. கடையில் நாலு தட்டு தட்டும்போது ஆனந்தமாக இருக்கும். ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரர் மைக்கில் பேசிக்கொண்டிருக்கும்போது, வீட்டில் ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா அடுத்த அறையில் தூங்கும்போது, அந்தச் சத்தம் மற்றவர்களுக்குத் தொல்லை. கேமிலும் அதனால் லாபம் இல்லை. நீல ஸ்விட்ச்சில் அழுத்தம் பதியும் இடமும் விடுபடும் இடமும் தள்ளித் தள்ளி இருப்பதால், ஒரே கீயை வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டுவது சிரமம். நான் போட்டிருப்பது சைலன்ட் லீனியர். ஸ்விட்ச்சின் நடுத்தண்டில் சின்ன ரப்பர் மெத்தை இருக்கும், அது அடியில் மோதும் சத்தத்தையும் மேலே திரும்பும் சத்தத்தையும் விழுங்கிவிடும். அடியில் கொஞ்சம் மெத்தென்று இருப்பது சிலருக்குப் பிடிக்காது. பத்துப் பன்னிரண்டு வகை ஸ்விட்ச் பதித்த சின்ன டெஸ்டர் பலகை கிடைக்கிறது. வாங்கியோ கடன் கேட்டோ ஒரு வாரம் மேசையில் வைத்துத் தட்டிப் பாருங்கள்.

இனி, ஹாட்-ஸ்வாப் எனக்குக் கொடுத்த பெரிய பலனைச் சொல்கிறேன். தமிழ்99-ல் வலது கைச் சுண்டுவிரலின் பாடு கொஞ்சம் அதிகம். ண, ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஆறு மெய்கள் அதன் தலையில். “தமிழ்” என்று எழுதிப் பாருங்கள். த-வுக்கு வலது மோதிர விரல், ம-வுக்கு நடுவிரல், இ-க்கு இடது மோதிர விரல், ழ-வுக்கு வலது சுண்டுவிரல் கீழே இறங்கவேண்டும், கடைசியாகப் புள்ளிக்கு இடது ஆள்காட்டி விரல். ஐந்தே தட்டு. அதில் ழ மட்டும்தான் விரலை இழுக்கும். நீண்ட கட்டுரை எழுதும் நாளில் ந-வும் ய-வும் ச-வும் எத்தனை முறை வருகின்றன என்று யோசித்தால் சுண்டுவிரல் ஏன் வலிக்கிறது என்று புரியும். அந்த ஆறு இடத்தில் மட்டும் 35 கிராம் அளவிலான இலகு ஸ்விட்ச்சுகளைப் போட்டேன். மற்ற இடமெல்லாம் 45. செலவு ஒரு நல்ல சாப்பாட்டுக்கு ஆவதைவிடக் குறைவு. வலி அடங்கிவிட்டது. எல்லாக் கீயும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உங்களுக்கு இடது சுண்டுவிரல் ஷிஃப்ட்டில் தங்கி வலித்தால் அங்கே மாற்றுங்கள்.

மாற்றும் விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் போர்டு கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கீயின் மேல்மூடியான கீகேப்பைக் கம்பி இடுக்கியால் நேராக மேலே தூக்குங்கள். ஸ்விட்ச் இடுக்கியின் இரண்டு பற்களும் ஸ்விட்ச்சின் மேல்பக்கம், கீழ்ப்பக்கம் உள்ள கொக்கிகளில் விழவேண்டும். கொக்கியை அழுத்திப் பிடித்து, பக்கவாட்டில் ஆட்டாமல் நேராக இழுக்கவேண்டும். புது ஸ்விட்ச்சைப் போடும் முன் அதன் இரண்டு செம்புக் கால்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒன்று லேசாக வளைந்திருந்தாலும் உள்ளே போகாமல் மடங்கிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் ஸ்விட்ச் சரியாக உட்கார்ந்த மாதிரியே இருக்கும், கீ மட்டும் வேலை செய்யாது. மடங்கிய காலை மெல்லிய இடுக்கி ஒன்றால் நிமிர்த்தி மறுபடி போடலாம். அழுத்தும்போது ‘நறுக்’கென்று இறங்காமல் எதிர்த்தால் நிறுத்திவிடுங்கள். ஸ்விட்ச்சின் கால்களைப் பிடித்துக்கொள்ளும் சாக்கெட், சர்க்யூட் பலகையின் கீழ்ப்பக்கம் சாலிடரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மேலிருந்து முரட்டுத்தனமாக அமுக்கினால் பெயர்ந்துவிடும். சில ஸ்விட்ச்சுகளுக்குச் செம்புக் கால் இரண்டும் நடுத் தூணும் தவிர, பக்கவாட்டில் இரண்டு பிளாஸ்டிக் கால்களும் இருக்கும். இது ஐந்து முனை வகை. போர்டு மூன்று முனை வகையாக இருந்தால் அந்த இரண்டு பிளாஸ்டிக் கால்களை நகவெட்டியால் நறுக்கிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

ஹாட்-ஸ்வாப் இருந்தால் பழுது கண்டுபிடிப்பதும் சுலபம். ஒரு கட்டத்தில் என் போர்டில் ட கீ ஒரு தட்டுக்கு இரண்டு முறை பதிய ஆரம்பித்தது. தமிழ்99-ல் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி வந்துவிடும். அம்மா, பட்டு என்று எழுதும்போது அது பெரிய வசதி. கீ தானாக இரட்டிக்கும்போது “படம்” என்பது “பட்டம்” ஆகிவிடுகிறது. எழுத்துப்பிழை திருத்தியும் பிடிக்காது, இரண்டுமே சரியான சொல். அந்த ஸ்விட்ச்சைப் பக்கத்துக் கீயின் ஸ்விட்ச்சோடு இடம் மாற்றினேன். கோளாறும் கூடவே நகர்ந்தது, ஆக குற்றம் ஸ்விட்ச்சுடையது. நகராமல் அங்கேயே நின்றிருந்தால் சாக்கெட்டையோ சர்க்யூட் பலகையையோ பார்க்கவேண்டும். புது ஸ்விட்ச் போட்டதும் சரியாகிவிட்டது. இதற்காகவே ஸ்விட்ச் வாங்கும்போது நாலைந்து அதிகமாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கீகளின் வேலையை மாற்றுவதற்கு க்யூஎம்கே, வியா என்ற இரண்டு பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். க்யூஎம்கே என்பது கீபோர்டுக்குள்ளேயே ஓடும் திறந்த மூல நிரல். வியா அதை நாம் மாற்றுவதற்கான திரை. க்ரோம், எட்ஜ் இரண்டில் எதிலாவது வியாவின் இணையதளத்தைத் திறந்தால் போதும், கீபோர்டின் படம் வரும், கீயைத் தொட்டு வேலையை மாற்றலாம். ஃபயர்பாக்ஸில் ஓடாது. மாற்றம் கீபோர்டின் நினைவகத்திலேயே பதிந்துவிடுகிறது, அதுதான் இதன் அருமை. ஆபீஸ் மடிக்கணினியில் எந்த மென்பொருளையும் நிறுவ அனுமதி கிடையாது. வீட்டில் அமைத்த கீபோர்டை அங்கே கொண்டுபோய்ச் செருகினால் அதே அமைப்போடு வேலை செய்கிறது. சில நிறுவனங்கள் தங்கள் சொந்த மென்பொருளை மட்டும் தருகின்றன. அது பெரும்பாலும் விண்டோஸில் மட்டும் ஓடும், சில சமயம் பின்னணியில் ஓடிக்கொண்டே இருந்தால்தான் மாற்றம் நிற்கும். அப்படிப்பட்டதைத் தவிர்த்துவிடுவேன். வாங்கும் பக்கத்தில் வியா ஆதரவு உண்டா என்று பாருங்கள், தெளிவாக எழுதியிருக்காவிட்டால் விற்பவரிடம் கேளுங்கள். கீக்ரான் போன்ற போர்டுகளில் மேக், விண்டோஸ் என்று ஒரு பொத்தான் இருக்கும். ஒரே கீக்கு வேறு வேறு வேலைகளை வைத்துக்கொள்ளும் அடுக்குக்கு லேயர் என்று பெயர். நான்கு லேயர் உள்ள போர்டில் 0, 1 என்ற லேயர்கள் மேக்குக்கு, 2, 3 விண்டோஸுக்கு. விண்டோஸில் இருந்துகொண்டு 0-ல் மாற்றினால் எதுவும் நடக்காது.

நான் செய்திருக்கும் மாற்றங்கள் அதிகமில்லை. கேப்ஸ் லாக்குக்குத் தமிழில் வேலையே இல்லை, ஆங்கிலத்திலும் அபூர்வம். அதனால் அந்தக் கீயை ஒரு தட்டு தட்டினால் விண்டோஸ்-ஸ்பேஸ் போகும்படி வைத்திருக்கிறேன். மொழி மாறிவிடும். ஒரே வரியில் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதுகிறவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே கீபோர்டின் விலைக்கு ஈடு. ஸ்பேஸ் பாரைப் பிடித்துக்கொண்டால் வலது கைக்குக் கீழே ஏரோ கீகள் வந்துவிடும், தட்டினால் சாதாரண ஸ்பேஸ். கட்டுரையைத் திருத்தும்போது கை நகரவே வேண்டாம். தட்டலுக்கும் பிடித்தலுக்குமான எல்லை க்யூஎம்கேயில் வழக்கமாக 200 மில்லிவினாடி.

கேமுக்கு இதெல்லாம் எதிரி. ஸ்பேஸில் குதிக்கவேண்டும், கீபோர்டோ இது தட்டலா பிடித்தலா என்று முடிவு செய்யக் காத்துக்கொண்டிருக்கும். அதனால் கேமுக்கென்றே ஒரு தனி லேயர். அதில் ஸ்பேஸ் வெறும் ஸ்பேஸ், விண்டோஸ் கீ செத்துப்போயிருக்கும், மொழி மாற்றும் கீயும் கிடையாது. விண்டோஸ் அமைப்பிலும் ஆல்ட்-ஷிஃப்ட் மொழி மாற்றத்தை அணைத்துவிடுங்கள். ஓடும் அவசரத்தில் இரண்டும் சேர்ந்து அழுத்தப்பட்டால் நண்பர்களுக்கு அனுப்பும் செய்தி தமிழ் எழுத்துக் குவியலாகப் போகும். எஸ்கேப்புக்குப் பக்கத்தில் ஒரு கீயை இந்த லேயரை ஏற்றவும் இறக்கவும் வைத்திருக்கிறேன்.

கேம் என்றதும் விளம்பரங்கள் இழுக்கும் சில எண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1000 ஹெர்ட்ஸ் போலிங் என்றால் கணினி ஒரு மில்லிவினாடிக்கு ஒரு முறை கீபோர்டைக் கேட்கிறது. பழைய 125 ஹெர்ட்ஸில் 8 மில்லிவினாடிக்கு ஒரு முறை. இந்த வித்தியாசம் மதிக்கத்தக்கது. அதற்கு மேலே 8000 என்று போவதில் எனக்கு எதுவும் தெரியவில்லை. ப்ளூடூத்தில் கேம் ஆடாதீர்கள். வயர், அல்லது யூஎஸ்பியில் செருகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள். ஒரே நேரத்தில் எத்தனை கீ அழுத்தினாலும் பதியும் என்கிற என்-கீ ரோலோவர் இப்போது ஓரளவு நல்ல போர்டுகளில் சாதாரணம்.

ஹால் எஃபெக்ட் கீபோர்டு வேறு கதை. அதில் செம்புத் தொடுமுனை கிடையாது. காந்தம் எவ்வளவு இறங்கியது என்பதை உணரி அளக்கும். விரலைக் கொஞ்சம் தூக்கியதுமே கீ விடுபட்டதாக எடுத்துக்கொள்ளும், அதற்கு ரேபிட் ட்ரிகர் என்று பெயர். நெதர்லாந்தின் வூட்டிங் நிறுவனம் இதைப் பிரபலமாக்கியது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் ஓடிக்கொண்டே சுட்டால் குறி சிதறும், எதிர்த்திசைக் கீயைத் தட்டி நின்றுவிட்டுச் சுடவேண்டும். அந்த இடத்தில் ரேபிட் ட்ரிகர் நிஜமாகவே உதவும். இடது, வலது இரண்டையும் அழுத்தியிருந்தாலும் கடைசியாக அழுத்தியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் ‘ஸ்னாப் டேப்’ வசதியை ரேசர் 2024-ல் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கேமை உருவாக்கிய வால்வ் நிறுவனம் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-வின் அதிகாரபூர்வ சர்வர்களில் அதைத் தடை செய்துவிட்டது. அதனால் அந்த வசதிக்காகப் பணம் கொடுக்கும் முன் நீங்கள் ஆடும் கேமின் விதியைப் பாருங்கள். போட்டிகளில் ஆடுகிறவர் என்றால் ஹால் எஃபெக்ட் வாங்குங்கள். என்னைப் போல எழுத்து முக்கியம், கேம் அதற்குப் பிறகு என்றால் மெக்கானிக்கலே மேல். ஹால் எஃபெக்டில் பெரும்பாலும் லீனியர் மட்டும்தான், சாதாரண ஸ்விட்ச்சுகளைப் பெரும்பாலானவற்றில் போட முடியாது. என் சுண்டுவிரலுக்குச் செய்த மாதிரி இஷ்டத்துக்குக் கலந்து போடுவது கஷ்டம்.

கீகேப்பில் பிபிடி என்ற பிளாஸ்டிக்கில் செய்ததை வாங்குங்கள். ஏபிஎஸ் பிளாஸ்டிக் சென்னை வெயிலில், வியர்வைக் கையில், சீக்கிரமே எண்ணெய் தடவியது போல மினுங்க ஆரம்பிக்கும். தனியாக கீகேப் செட் வாங்கினால் வலது ஷிஃப்ட்டின் நீளத்தைப் பாருங்கள். 65%, 75% போர்டுகளில் அது பெரும்பாலும் 1.75 அளவு (அதாவது எழுத்துக் கீயைப் போல 1.75 மடங்கு அகலம்), சாதாரண செட்டில் 2.75 மட்டுமே இருக்கும். இன்னொன்று, வெளிச்சம் தரும் எல்இடி ஸ்விட்ச்சின் திரைப் பக்கம் இருக்கும் போர்டில் செர்ரி வடிவக் கீகேப் போட்டால் ஒரு வரிசை அடியில் இடிக்கலாம். எழுத்து வழியாக வெளிச்சம் வேண்டாம் என்றால் எல்இடி நம் பக்கம் பார்த்திருக்கும் போர்டே வசதி. கழுவும்போது வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்து, கவிழ்த்து வைத்து ஒரு ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள். அடியில் உள்ள சிலுவைத் துளையில் ஒரு சொட்டு நீர் நின்றாலும் அது நேராக ஸ்விட்ச்சுக்குள் போகும்.

விலை மலிவான போர்டுகளில் ஸ்பேஸ் பாரும் என்டரும் கடகடவென்று ஆடும். அதற்குக் காரணம் ஸ்விட்ச் இல்லை, கீக்கு அடியில் ஓடும் ஸ்டெபிலைசர் கம்பி. கீகேப்பைக் கழற்றி, கம்பி பிளாஸ்டிக்கைத் தொடும் இடத்தில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் வைத்தால் போதும், பாதி விலைப் போர்டு இரண்டு மடங்கு விலைப் போர்டு மாதிரி ஒலிக்கும். ஸ்விட்ச் ஒவ்வொன்றையும் பிரித்து கிரீஸ் தடவும் வேலையை இப்போது யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. பெரும்பாலானவை ஆலையிலேயே தடவி வருகின்றன.

பணத்தைப் பொறுத்தவரை, ஹாட்-ஸ்வாப்பும் வியாவும் உள்ள பிளாஸ்டிக் உடல் போர்டே போதும். அலுமினிய உடல் அழகு, சத்தமும் கனமாக வரும், ஆனால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை. ஆபீஸுக்கும் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. முன்விளிம்பு உயரமாக இருந்தால் மணிக்கட்டுக்கு ஒரு மரக்கட்டை ரெஸ்ட் வைத்துக்கொள்ளுங்கள், பின்கால்களை விரிக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தால் சுங்க வரி சேரும், பழுதானால் திருப்பி அனுப்பும் செலவும் நம் தலையில். இந்தியாவிலேயே விற்கும் கடையில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது நல்லது. பெட்டி வந்த அன்றே இணையத்தில் கீ டெஸ்டர் பக்கம் ஒன்றைத் திறந்து ஒவ்வொரு கீயையும் தட்டிப் பாருங்கள், திருப்பித் தரும் கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

எல்லாம் அமைத்து முடித்ததும் வியாவில் சேவ் கொடுத்து, உங்கள் அமைப்பை ஒரு ஜேசான் கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டுக்குள் ஓடும் நிரலை (ஃபர்ம்வேர்) புதுப்பிக்கும்போது லேயர்கள் அழிந்துவிட வாய்ப்பு உண்டு. கோப்பு இருந்தால் லோட் கொடுத்த மறுநொடி எல்லாம் திரும்ப வந்துவிடும். என்னுடையதை மின்னஞ்சலில் எனக்கே அனுப்பி வைத்திருக்கிறேன்.